பசை காயாத ஊரில் பிள்ளைகளோடு கைவேலை

கைவேலை சொல்லித்தரும் வீடியோ எதை எடுத்தாலும் நடுவில் ஒரு வசனம் வரும்: "இதைப் பத்து நிமிஷம் காய விடுங்க." ஜூன் மாதத்தில் இலங்கை மலைநாட்டு நுவரெலியாவிலோ மஸ்கெலியாவிலோ அந்தப் பத்து நிமிஷத்துக்கு இரண்டு நாள் வேண்டும். அதற்குள் ஒட்டிய மடிப்பு விட்டுப்போகும், டிசு பேப்பர் தொய்யும், பிரிஸ்டல் போர்ட் அட்டை நமுத்த அப்பளம் மாதிரி வளைந்து நிற்கும். நாமோ பிள்ளை சரியாக ஒட்டவில்லை என்று ஏசுவோம். காற்றில் ஓதம் ஏறியிருக்கிற நாளில் பெரியவர்கள் ஒட்டினாலும் அதே கதிதான்.

மலைநாடு முழுக்க ஒரே மழையும் இல்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் மொன்சூன் ஹட்டன், நோர்வூட், நுவரெலியா என்று மேற்குச் சரிவை நனைக்கும். அதே நாட்களில் பண்டாரவளை, வெலிமடை என்று கிழக்கே ஊவாப் பக்கம் காற்றும் வெயிலுமாகக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மொன்சூன் ஊவாப் பக்கம் இறங்கும். மேற்குச் சரிவில் அப்போது வெயில் தலைகாட்டி மார்ச் வரைக்கும் நிற்கும். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பின்னேரமானால் மழைதான். உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று பார்த்து, காய்கிற மாதத்தில் ஒட்டுகிற வேலை, நனைகிற மாதத்தில் கட்டுகிற, மடிக்கிற, ஸ்டேப்லர் அடிக்கிற வேலை என்று பிரித்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பசை

டிசு பேப்பருக்கும் சாதாரணக் கடதாசிக்கும் கோதுமை மாப் பசையை மிஞ்ச ஒன்றும் இல்லை. கால் கோப்பை மாவைக் கால் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு கோப்பை தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கரைசலை ஊற்றி, கை விடாமல் மூன்று நிமிஷம் கிண்டுங்கள். வெள்ளையாக இருந்தது மங்கிக் கண்ணாடிப் பதம் வந்ததும் இறக்கி, ஒரு தேக்கரண்டி வினாகிரி விட்டுக் கலக்குங்கள். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் அது குறை, பசைக்கு அந்தச் சூடு தாராளம்.

மாவை நேராகக் கொதிதண்ணீரில் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே மாவாகவே உருண்டை உருண்டையாக நிற்கும். அப்படி ஆகிவிட்டால் பழைய தேத்தண்ணி வடியில் வடித்துக்கொள்ளலாம். வினாகிரி விட்டாலும் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். புளித்த வாடை வந்த பசை ஒட்டாது, பூஞ்சணத்தையும் கடதாசிக்குக் கொண்டுபோகும்.

பிள்ளைகள் எப்போதும் பசையை அள்ளிப் பூசுவார்கள். கூடுதல் பசை என்றால் கூடுதல் தண்ணீர், காய அவ்வளவுக்கு நேரம். தூரிகையைக் கொடுக்காமல் சுண்டுவிரல் நுனியைக் காட்டி, "இவ்வளவு தொட்டு இழு, பிறகு மறு கையால் துடை" என்று சொல்லிக்கொடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் அளவைப் பிடித்துக்கொள்ளும். குச்சியோடு குச்சி, மூங்கிலோடு மூங்கில், தடித்த அட்டையோடு அட்டை ஒட்ட மாப் பசை பிடிக்காது. அதற்குக் கடையில் போத்தலில் விற்கும் பைண்டர் கம் வேண்டும்.

செலோ டேப்பை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்ந்து ஈரம் கோத்த அட்டையில் டேப் பிடிக்காது, பிடித்தாலும் காலையில் சுருண்டு கிடக்கும். ஒட்டுகிற இடத்தை அயனால் இரண்டு மூன்று விநாடி சூடாக்கிவிட்டு ஒட்டினால் நிற்கும். அயன் பிடிப்பது பெரியவர் வேலை.

காய வைக்கிற இடம் அடுப்பங்கரை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விறகடுப்புக்கு நேர் மேலே தொங்கவிட்டால் மஞ்சள் டிசு ஒரே இரவில் புகை ஏறிக் கபில நிறமாகும், நெருப்புப் பயமும் உண்டு. அடுப்பிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி, பக்கச் சுவரோரம் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) வைப்பதானால் பகலில் மட்டும். நாலு மணிக்குப் பனிமூட்டம் இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

வெசாக் கூடு: இருபத்துநாலு குச்சி

மே மாதப் பௌர்ணமியில் வரும் பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குக் கூடு, அதாவது தாள் விளக்கு, கட்டுவது பள்ளிக்கூடம் போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை. கடைகளில் மடிப்பு விரித்தால் கூடாகிவிடும் அட்டைக் கூடுகள் தொங்கும். அவற்றை வாங்கி மாட்டுவதில் பிள்ளைக்கு வேலையே இல்லை. கட்டிப் பார்க்க வேண்டியது எட்டுப்பட்டக் கூடு, சிங்களத்தில் அட்டபட்டம. பார்க்கத்தான் சிக்கல். உண்மையில் அது ஒரே அளவான ஆறு சதுரங்களை மூலைக்கு மூலை கட்டியது, அவ்வளவுதான். முக்கோணங்கள் எட்டும் இடைவெளியில் தானாக விழும், அவற்றுக்கென்று தனியாக ஒரு குச்சியும் தேவையில்லை.

சதுரத்துக்கு நாலு என்று மொத்தம் 24 குச்சி, ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர். மூங்கில் தப்பை கிடைத்தால் அரை சென்ரிமீற்றர் அகலத்தில் கீறி, விளிம்பை மண்கடதாசியால் தேய்த்துக் கொடுங்கள், சிராய் ஏறினால் அன்றைய வேலை அழுகையோடு முடியும். மூங்கில் இல்லையென்றால் விளக்குமாற்று ஈர்க்கின் தடித்த பாதி போதும். நுனிப் பாதி வளையும், எடுக்காதீர்கள்.

ஒரு பழைய அட்டையில் 13 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றை அடிமட்டம் வைத்துச் சரியாகக் கீறுங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் அந்தக் கோட்டின் மேல் வைத்தே கட்ட வேண்டும். மூலையில் குச்சிகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போய் இரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் நீட்டி நிற்கும். தையல் நூலால் பெருக்கல் அடையாளம் மாதிரி ஐந்தாறு சுற்று, ஒரு முடிச்சு, முடிச்சில் பைண்டர் கம் ஒரு சொட்டு. ஆறு சதுரமும் முடிந்ததும் ஓர் இரவு விடுங்கள். கோட்டில் வைக்காமல் கண்மட்டத்தில் கட்டினால் ஒரு சதுரம் சரிந்து சாய்சதுரமாகும். அதன் பலன் கடைசியில்தான் தெரியும்: ஆறாவது சதுரம் எங்கேயும் பொருந்தாது.

பொருத்தும் ஒழுங்கு இது. ஒரு சதுரத்தை மேசையில் படுக்க வையுங்கள். அதன் நாலு மூலையிலும் ஒவ்வொரு சதுரத்தை, ஒரு மூலை கீழே இருக்கும்படி நிமிர்த்திக் கட்டுங்கள். இப்போது நாலு சதுரமும் பட்டம் மாதிரி கூர் மேலும் கீழுமாக நிற்கும், கை விட்டால் வெளியே சாயும். ஒரு பிள்ளை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க, இன்னொரு பிள்ளை பக்கத்துச் சதுரங்களின் பக்க மூலைகளை ஒன்றோடொன்று கட்டட்டும். நாலு கட்டு முடிந்ததும் சாய்வது நின்றுவிடும். மேலே நாலு கூர்கள் தெரியும், அவற்றின் மேல் ஆறாவது சதுரத்தை வைத்து மூலைக்கு மூலை கட்டினால் கூடு முடிந்தது. உயரம் 18 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். மூலைகளை எண்ணச் சொல்லுங்கள், பன்னிரண்டு இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு சதுரம், இரண்டு முக்கோணம் சந்திக்க வேண்டும். அப்படி இல்லாத மூலையில்தான் பிழை.

இந்த நிலையில் கூட்டைத் தூக்கினால் ஈரத்துணியைப் பிழிவது மாதிரி ஒரு பக்கம் முறுகும். பயப்பட வேண்டாம். முக்கோணம் அசையாது, சதுரம் அசையும், அது அதன் குணம். அடிச் சதுரத்திலும் எதிரெதிரான இரண்டு பக்கச் சதுரத்திலும் மூலைக்கு மூலை நூலைக் குறுக்காக இழுத்துக் கட்டிவிட்டால் நிமிர்ந்து நிற்கும். நூல் கட்டாமல் டிசு ஒட்டுகிறவர்களும் உண்டு, காய்ந்த தாளே இழுத்துப் பிடிக்கும் என்று. ஊவா வெயிலில் அது நடக்கும். ஹட்டன் பக்கம் தாள் ஈரம் குடித்துத் தொய்ந்ததும் கூடு மறுபடி முறுகிக்கொள்ளும்.

டிசு பேப்பரை, சிங்களக் கடையில் சவ் கொளை என்று கேளுங்கள், 15 சென்ரிமீற்றர்ச் சதுரமாக ஐந்தும், அதே அளவு பக்கமுள்ள முக்கோணமாக எட்டும் வெட்டுங்கள். மேல் சதுரம் திறந்தே இருக்கும். சதுரத்துக்கு ஒரு நிறம், முக்கோணத்துக்கு ஒரு நிறம் என்றால் வடிவம் தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும். பசையைக் குச்சியில் தடவுங்கள், தாளில் தடவினால் கிழியும். வெட்டுமுன் ஈர விரலால் தாளின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். சிவப்பும் ஊதாவும் சாயம் விடுகிற நிறங்கள், வெள்ளைக்குப் பக்கத்தில் ஒட்டினால் வெள்ளை ரோசாவாகிவிடும். வால் வைக்க இரண்டு சென்ரிமீற்றர் அகலத் துண்டுகளை அடி மூலை நாலிலும் நடு மூலை நாலிலும் தொங்கவிட்டால் போதும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். 18 சென்ரிமீற்றர் உயரக் கூட்டில் மெழுகுதிரி வைக்கக்கூடாது, ஒரு காற்று அடித்தால் தாள் சுடரைத் தொடும். மெழுகுதிரிதான் வேண்டும் என்றால் சதுரத்தின் பக்கம் 30 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும், அப்போது உயரம் 42 வரும், திரிக்கு மேலே இடம் கிடைக்கும். சின்னக் கூட்டுக்கு பற்றரி விளக்கு. அதிலும் பொத்தான் பற்றரி போட்டதாக இருந்தால் மூடி ஆணியால் இறுக்கப்பட்டதா என்று பாருங்கள். அந்தப் பற்றரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும்.

கூட்டை வெசாக் முடிந்ததும் எறிய வேண்டாம். தாளை மட்டும் கிழித்தெடுத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டால் கார்த்திகை விளக்கீட்டுக்கு மஞ்சளும் சிவப்பும், நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) வெள்ளை என்று ஒரே சட்டம் மூன்று பண்டிகைக்கும் உடுப்பு மாற்றிக்கொள்ளும்.

மழை விடாத நாட்களுக்கு

ஓகஸ்ட் விடுமுறையில் வெளியே போக முடியாத பின்னேரங்களுக்குத் தேயிலைத்தூளை விட நல்ல சாமான் வேறில்லை, அதுவும் நம் ஊர்ச் சாமான். செய்ய வேண்டியது தேத்தண்ணியால் சாயமேற்றிய கடதாசியில் கறுப்பாகத் தோன்றும் எழுத்து.

மூன்று நாளைக்கு முன்பே ஆயத்தம் வேண்டும். துருப்பிடித்த ஆணி ஐந்தாறை ஒரு போத்தலில் போட்டு அரைக் கோப்பை வினாகிரி ஊற்றி வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். மூன்று நாளில் கரைசல் இலேசாகக் கபில நிறம் எடுக்கும், ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. வேலை செய்கிற நாளில் இரண்டு மேசைக்கரண்டி டஸ்ட் தூளை இரண்டு கோப்பை கொதிதண்ணீரில் போட்டுக் கால் மணித்தியாலம் ஊறவிட்டு வடித்து, தட்டையான தட்டில் ஊற்றுங்கள். தடித்த வரைதல் தாளை ஐந்து நிமிஷம் அமிழ்த்தி எடுங்கள். கொப்பித் தாள் என்றால் தூக்கும்போதே கிழியும். இரண்டு பழந்துணிக்கு நடுவில் வைத்து மிதமான சூட்டில் அயன் பண்ணினால் உடனே காய்ந்துவிடும், வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு ஈர்க்குச்சியை ஆணிக் கரைசலில் தொட்டு அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். தொடும்போது தண்ணீர் மாதிரி இருப்பது கண் முன்னாலேயே சாம்பலாகி, பிறகு கறுக்கும். தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்பு மையாகிறது. கறுக்காமல் வெளிறி நின்றால் சாயம் பத்தவில்லை, இன்னொரு முறை தேத்தண்ணியில் முக்க வேண்டும். கோடு பரவி ஓடினால் தாள் இன்னும் ஈரமாக இருக்கிறது. கரைசல் பட்ட உடுப்பில் கறை போகவே போகாது, பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு உட்கார விடாதீர்கள். போத்தலில் பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள், குடிக்கிற சாமான் இல்லை. ஓரத்தைக் கிழித்துச் சுருட்டினால் பழைய ஓலை மாதிரியே இருக்கும், பிறந்தநாள் அழைப்புக்கும் புதையல் தேடும் விளையாட்டுக்கும் இதை அடிக்க வேறொன்றில்லை.

இன்னொன்று சவுக்கு இலை. தோட்டத்தில் சவுக்கு என்று நாம் சொல்வது தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் கிரவீலியா மரம். கடற்கரைச் சவுக்கு வேறு. இதன் இலை மேலே கரும்பச்சை, புரட்டினால் வெள்ளி. விழுந்த இலையை எடுத்து, பத்திரிகைத் தாளுக்கு நடுவில் பாரம் வைத்து அழுத்துங்கள். பத்திரிகையைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் நாலாம் நாள் இலையில் பூஞ்சணம்தான் இருக்கும். அவசரமென்றால் இரண்டு தாளுக்கு நடுவில் குறைந்த சூட்டில் பத்து விநாடி, ஆறவிட்டு மறுபடி பத்து விநாடி அயன் பண்ணலாம். வெள்ளிப் பக்கம் மேலே வர, கறுப்புப் பிரிஸ்டல் போர்ட்டில் ஊசி நூலால் காம்பில் இரண்டு தையல் போட்டால் வாழ்த்து அட்டை ஆயிற்று. பசை இல்லாததால் வளையாது.

பலூனின் மேல் கடதாசி ஒட்டிச் செய்யும் உருவங்களை இந்த மாதங்களில் தொடவே வேண்டாம். ஒரு படை காயவே மூன்று நாள், அதற்குள் பலூன் சுருங்கி, ஈரமான கடதாசியையும் உள்ளே இழுத்துக் குழியாக்கிவிடும்.

தீபாவளிக்கு மண்விளக்குக்கு நிறம் பூசுவதில் ஒரே சூட்சுமம், விளக்கு உள்ளுக்குள்ளே காய்ந்திருக்க வேண்டும். கடையில் வாங்கியதை அடுப்பங்கரையில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் பூசுங்கள், இல்லாவிட்டால் நிறம் செதில் செதிலாக உரியும். நாலு பங்கு போஸ்டர் கலருக்கு ஒரு பங்கு பைண்டர் கம் கலந்தால் நன்றாகப் பிடிக்கும். உள்பக்கமும் திரி வைக்கிற மூக்கும் வெறுமையாகவே இருக்கட்டும்.

நத்தார்

ஐந்து முனை நட்சத்திரத்துக்கு, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழும் கவ்வாத்துக் குச்சி அருமையானது. பென்சில் தடிப்பில், நேரானதாக ஐந்து எடுத்து 42 சென்ரிமீற்றருக்கு வெட்டுங்கள். கவ்வாத்து வெட்டி இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பச்சைக் குச்சி காயும்போது மெலியும், இறுக்கிக் கட்டிய முடிச்சும் தளரும். சீமெந்துத் தரையில் சோக்கால் 21 சென்ரிமீற்றர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் 24.7 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஐந்து புள்ளி வையுங்கள். ஒரு புள்ளியை விட்டு அடுத்த புள்ளிக்கு என்று குச்சிகளை வைத்தால் நட்சத்திரம் விழும். குறுக்கே வெட்டுகிற இடங்களில் ஒன்று மேலே போனால் அடுத்ததில் கீழே போக வேண்டும், பாய் பின்னுவது மாதிரி. பின்னாமல் முனைகளை மட்டும் கட்டினால் தொங்கவிட்டதும் கோணும்.

பைனஸ் காய் பொறுக்கி வருவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. கொண்டுவந்த உடனே நிறம் பூச வேண்டாம். ஈரமான காய் இதழை மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். மூடியிருக்கும்போது பூசினால் பிறகு விரிந்து பாதி கபிலம், பாதி வெள்ளி என்று நிற்கும். பத்திரிகை விரித்துக் கூடையில் அடுப்பங்கரையோரம் இரண்டு இரவு வைத்தால் முழுக்க விரியும், பிசினும் கொஞ்சம் வடியும். பிறகு இதழின் நுனிகளில் மட்டும் வெள்ளை தொட்டுவிட்டால் பனி பட்டது போலிருக்கும். பூசாத காய் ஒன்றை ஜன்னலில் வைத்துவிடுங்கள். அது மூடிக்கொண்டால் அன்றைக்கு ஒட்டுகிற வேலை வேண்டாம் என்று அர்த்தம். எந்தக் கருவியும் இல்லாமல் ஈரத்தை அளக்கிற ஏற்பாடு.

குடிலுக்குப் பாசி தேடிக் காட்டுக்குள் போகிற பழக்கம் உண்டு. ஹோர்ட்டன் சமவெளி போன்ற காப்பிடங்களிலிருந்து செடி கொடி எடுப்பது சட்டப்படி குற்றம், தவிர அந்தப் பாசி வளர வருஷக்கணக்காகும். தேத்தண்ணி வடித்த சக்கையைத் தட்டில் பரப்பி அடிக்கடி கிளறிக் காயவைத்தால் நல்ல மண் நிறம் வரும். அதில் பாதியைப் பச்சைச் சாயத்தில் பிசைந்தால் புல். அரைகுறையாகக் காய்ந்த சக்கை நாலு நாளில் வெள்ளையாகப் பூக்கும், அதையும் பனி என்று சொல்லிச் சமாளிக்க முடியாது.

பொங்கலும் மாசியும்

குருத்தோலைத் தோரணம் கட்ட நமக்குத் தென்னை இல்லை, கீழே இருந்து வருவதற்குள் குருத்து வாடிவிடும். கடதாசித் தோரணம் கட்டலாம். ஆனால் பிள்ளைக்குச் சுவாரசியமானது எழுந்து நிற்கும் பொங்கல் பானை அட்டை. ஏ4 அளவு பிரிஸ்டல் போர்ட்டைக் குறுக்கே பாதியாக மடியுங்கள். மடிப்பின் நடுவில் நாலு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, மூன்று சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு வெட்டு. விரித்து அந்தப் பட்டையை உள்பக்கம் தள்ளினால் சின்னப் படி மாதிரி எழும். அதன் முன்முகத்தில் பானையை ஒட்டுங்கள். பானையின் உயரத்தோடு வெட்டின் நீளத்தைக் கூட்டினால் மடித்த அட்டையின் உயரமான 14.8 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மூடிய அட்டைக்கு வெளியே பானையின் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். 10 சென்ரிமீற்றர்ப் பானை பத்திரம். பொங்கி வழிகிற நுரைக்குப் பஞ்சு, கரும்புக்குப் பச்சையும் ஊதாவும் பூசிய ஈர்க்கு.

வாசலில் நிறக் கோலம் போட உப்பில் நிறம் கலக்கச் சொல்லுவார்கள். மலையில் உப்பு ஒரு மணித்தியாலத்தில் கசிந்து ஒரு நிறம் இன்னொன்றில் ஓடும். அரிசியில் கலவுங்கள். ஒரு கோப்பை பச்சரிசி, அரைத் தேக்கரண்டி வினாகிரி, உணவுச் சாயம் பத்துச் சொட்டு, மூடியுள்ள போத்தலில் போட்டு நன்றாகக் குலுக்கிப் பரப்பி ஆறவிட்டால் சரி. மஞ்சளுக்குச் சாயம் வேண்டாம், வீட்டு மஞ்சள்தூளே போதும்.

மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கிற தோட்டங்களில் பிள்ளைகள் மதன், ரதி வேடத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் கிரீடம் கட்டிக் கேட்பார்கள். பிள்ளையின் தலைச் சுற்றளவோடு மூன்று சென்ரிமீற்றர் கூட்டிப் பட்டை வெட்டி, முன்பக்கத்துக்கு 20 சென்ரிமீற்றர் உயரம் வைத்து, சொக்லட் உறையின் வெள்ளித்தாளை நகத்தால் தடவி ஒட்டுங்கள். மேற்குச் சரிவில் அது வெயில் காலம், மாப் பசை அரை நாளில் காய்ந்துவிடும். பின்பக்கம் ஒட்டாமல் இரண்டு துளை போட்டு நாடா கட்டினால் அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் போடலாம்.

பிறந்தநாள்

கடதாசிச் சங்கிலிக்கு எத்தனை தாள் வேண்டும் என்று தெரியாமல் தொடங்கி நடுவில் நிற்பதுதான் வழக்கம். ஏ4 தாளை அகலவாக்கில் மூன்று சென்ரிமீற்றர்ப் பட்டைகளாக வெட்டினால் ஒன்பது வரும். ஒரு மீற்றர்ச் சங்கிலிக்கு ஏறக்குறைய 16 வளையம். நாலு மீற்றர் நீளமான அறையில் கொஞ்சம் தொய்வாகக் கட்ட 72 வளையம், அதாவது எட்டுத் தாள். ஸ்டேப்லர் அடியுங்கள். பசை என்றால் நடு இரவில் ஒரு வளையம் விடும், ஒரு வளையம் விட்டால் முழுச் சங்கிலியும் கேக்கின் மேல் விழும்.

கூம்புத் தொப்பிக்கு 15 சென்ரிமீற்றர் ஆரமுள்ள அரைவட்டம். மூன்று சென்ரிமீற்றர் மேலே போட்டுச் சுருட்டினால் அடிச் சுற்று 44 வரும், ஐந்தாறு வயதுப் பிள்ளையின் உச்சந்தலையில் நிற்கும். ஸ்டேப்லர்க் கம்பியின் வளைந்த முனை வெளிப்பக்கம் வர வேண்டும், அதன் மேல் டேப். உள்பக்கம் வந்தால் தலைமயிரைப் பிடித்து இழுக்கும். அடியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் மேலே இலாஸ்டிக் துளை போட்டு, துளையைச் சுற்றி முதலில் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே அட்டை கிழியும்.

மினுமினுக்கும் பொலித்தீன் தோரணம் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். 2017 செப்டெம்பரிலிருந்து எந்த வைபவத்திலும் பொலித்தீன் அலங்காரம் இலங்கையில் தடை. வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்குங்கள், சின்னப் பிள்ளை வாயில் போட்டால் மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும்.

மிஞ்சியதை எடுத்து வைக்கும்போது மாப் பசை பட்டதெல்லாம் கரப்பானுக்கும் எலிக்கும் தீனி என்பதை நினைவில் வையுங்கள். கூட்டுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பழைய தாளையும் பசையையும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் நன்றாகக் காயவிட்டு, கூரைச் சட்டத்தில் கம்பி போட்டுத் தொங்கவிடுங்கள். தொப்பியும் சங்கிலியும் மூடியுள்ள டின்னில் போகட்டும். கூடவே ஒரு துணி முடிச்சில் நாலைந்து துண்டு அடுப்புக்கரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் காட்டி மறுபடி உள்ளே.